மீன் பொரித்துவிட்டு மரத்தைக் கழுவினோம்

எங்கள் வீட்டில் மீன் பொரிப்பது வீட்டுக்குள் நடக்கிற காரியம் அல்ல. வீட்டுக்குப் பின்னாலுள்ள வளவில், பக்கத்து வீட்டு மரத்தின் மறைவில், ஒரு காஸ் அடுப்பை வைத்து என் மனைவி அதைச் செய்வாள். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றே அவள் அந்த இடத்தில் கண் வைத்துவிட்டாள். வீடு காட்டிய ஆள் குளியலறைத் தரைக்குப் போட்ட கல்லைப் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருக்க, இவள் ஜன்னலால் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு மேல்மாடி அறை பிடித்தது, எனக்குப் பின்கதவோடு ஒட்டிய பலகைத் தளம், டெக், பிடித்தது, அவளுக்கு மரத்தடி பிடித்தது. வீட்டை வாங்கிவிட்டோம்.

மரம் என்றால் ஸ்புரூஸ். கிறிஸ்மஸ் மரம் போலக் கூம்பாக, அடிக் கொப்புகள் நிலத்தில் பாவாடை விரித்தது மாதிரி நிற்கும். அதன் நிறம்தான் விசேஷம். பச்சை இல்லை, வெள்ளி கலந்த ஒரு நீலம். இரண்டு வளவுக்கும் நடுவில் நின்றாலும் மரம் பக்கத்து வீட்டு அம்மாவுடையது. அவருடைய கணவர் நட்டது. வேலி போட்டவர்கள் மரத்தின் இரு பக்கத்திலும் வேலியை நிறுத்திவிட்டார்கள். நடுவில் மரமே வேலி. அந்தப் பக்கம் நிற்பவருக்கு இந்தப் பக்கம் அடுப்பு இருப்பது தெரியவே தெரியாது.

இதற்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் பார்க்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். ஒருநாள் மனைவி ஆசைப்பட்டுச் சூடை மீன் பொரித்தாள். பொரித்து இறக்க முன்னம் கட்டடத்தைப் பார்க்கிற ஆள் வந்து கதவைத் தட்டினான். அவனுக்குப் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெண் நின்றாள். அவன் ஒன்றும் மோசமாகப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெண் மூக்கைப் பொத்திய விதம் இவள் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கதவின் கீழ் ஈரத் துவாயை அடைத்துவிட்டுத்தான் மீன் பொரிப்பாள். இத்தனை வருடம் கழித்து, சொந்த வீடு வாங்கிய பிறகும், மீன் மணம் வெளியில் போகுது என்றால் அவளுக்கு ஒரு பதைப்பு.

ஆகவே மரத்தடியில் பொரித்து முடிந்ததும் ஹோஸைத் திறந்து மரத்தைக் கழுவுவாள். மேலிருந்து கீழ்வரைக்கும், கொப்புக் கொப்பாக, உள்ளுக்கும் வெளிக்கும். வேலையால் வந்து பின்னேரத்தில் சமைக்கிறவள் என்பதால் மரம் விடியும்வரை சொட்டிக்கொண்டு நிற்கும்.

"மணம் உந்த ஊசியிலை எல்லாம் பிடிச்சு நிக்கும். காத்தடிக்க அங்காலை போகும்" என்பாள்.

"சவர்க்காரமும் போடுமன். முதுகும் தேய்ச்சு விடும்" என்று நான் டெக்கில் இருந்தபடி பகிடி பண்ணுவேன்.

சில கோடை இப்படிப் போனது. பிறகு ஒரு வசந்தத்தில் அடிக் கொப்புகளின் உட்பக்கம் மஞ்சளடித்தது. கோடைக்குள் மஞ்சள் கபிலமாகி, கபிலம் ஒருவித ஊதாவாகி, கையால் தட்டினால் ஊசிகள் பொலபொலவென்று கொட்டின. நுனியில் மட்டும் கொஞ்சம் நீலம், உள்ளுக்கு வெறும் குச்சி. அடுத்த வருடம் அது ஒரு தட்டு மேலே ஏறியது.

பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் தபாற்பெட்டியடியில் என்னைக் கண்டு நிறுத்தினார். சிறு வயதில் இத்தாலியிலிருந்து வந்தவர். கணவர் இறந்த பின் தனியாக இருக்கிறார். அவர் பேசுவது ஆங்கிலம், ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

"மரம் சாகிறது. இலையுதிர்காலத்தில் ஆளைக் கூப்பிட்டு வெட்டிவிடப் போகிறேன். நின்று நின்று சாவதைப் பார்க்க என்னால் முடியாது" என்றார்.

நான் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள்.

"வெட்டினா நான் எங்கை போய்ப் பொரிக்கிறது? றோட்டிலையோ?"

மரம் போனால் அவள் சமைக்கிற குசினியின் சுவர் போய்விடும். அந்த மரத்தடிதான் இந்த நாட்டில் அவள் பயமில்லாமல் சட்டி வைத்த ஒரே இடம். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆகவே, "வெட்ட விடமாட்டன், பொறும்" என்று ஒரு வீர வசனம் விட்டேன்.

எனக்கு ஒரு குணம். ஒரு காரியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால்தான் எனக்குத் துணிவு கூட. எங்கட சனத்துக்குத் தெரிந்த மருந்து வேம்பு. நேரே தமிழ்க் கடைக்குப் போய் வேப்பெண்ணெய்ப் போத்தல்களை அள்ளிக்கொண்டு வந்தேன். பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம், தண்ணீர், வேப்பெண்ணெய், எல்லாவற்றையும் ஸ்பிறேயரில் கலந்து, நல்ல வெயிலில், எங்கள் பக்கம் முழுவதும் ஏணி வைத்து அடித்தேன். மணமோ, சொல்லி வேலையில்லை. மீனே பரவாயில்லை என்றாகிவிட்டது.

சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், மரம் பச்சை. நல்ல கரும்பச்சை. பளபளவென்று நிற்கிறது. எனக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது. ஓடிப்போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"பாரும். பச்சை பிடிச்சிட்டுது."

அவள் மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கருகின பயிர் பச்சை பிடித்தால் பிழைத்துவிட்டது என்பதுதானே எங்கள் கணக்கு. இரண்டு பேரும் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து மரத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து குடித்தோம். அப்படி ஒரு பெருமை.

மகள் வேலையால் வந்து, கைப்பையைத் தோளில் இருந்து இறக்காமலே மரத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது புளூ ஸ்புரூஸ். இட்ஸ் சப்போஸ்ட் டு பி புளூ. என்ன செய்தனீங்கள்?"

அவள் ஃபோனில் தேடி எடுத்து வாசித்துக் காட்டினாள். அந்த நீலம் இலையின் நிறமே இல்லையாம். திராட்சைப் பழத்தின் மேல் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, அதுபோல ஊசியின் மேல் ஒரு மெழுகு. எண்ணெய் பட்டால் அது கரைந்துவிடும். கரைந்த இடத்தில் திரும்ப வராது. நான் மரத்தைக் குணமாக்கவில்லை, அதன் சட்டையைக் கழற்றிவிட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். மரத்தின் ஒரு பாதி நீலம், மறு பாதி பச்சை. யாரோ இரண்டு மரத்தைப் பிளந்து ஒட்டிவைத்த மாதிரி.

"உங்கள் பக்கம் ஏன் வேறு மரமாக நிற்கிறது?" என்று கேட்டார்.

"மருந்தடித்தேன்" என்றேன்.

அவர் ஒரு கொப்பைப் பிடித்துப் பார்த்தார். "தோட்டக் கடையில் எல்லாரும் பச்சை மரம் வாங்கினார்கள். என் கணவர்தான் நீலம் வேண்டும் என்று நின்றார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

நான் மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரு தொழிற்சாலையில் சின்னச் சின்ன மின்சாதனப் பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை செய்கிறேன். கண்ணில் இடுக்கிப் பார்க்கிற ஒரு சிறு பூதக்கண்ணாடி எப்போதும் சேர்ட் பொக்கெற்றில் இருக்கும். அடுத்த நாள் வேலையால் வந்ததும்தான் அந்தக் கண்ணாடியின் ஞாபகம் வந்தது. நாள் முழுக்க மற்றவன் செய்த பிழையை அதால் தேடிப் பிடிக்கிறவன், மருந்தடிக்க முன்னம் ஒருதரம் மரத்தைப் பார்க்கவில்லை. என்னை நானே நாலு பேச்சுப் பேசிக்கொண்டு போய், ஒரு நல்ல ஊசியையும் ஒரு கெட்ட ஊசியையும் பிடுங்கி வந்து டெக்கில் வைத்துப் பார்த்தேன்.

நல்ல ஊசியில் நீளவாக்கில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன, தையல் இயந்திரத்தில் தைத்த மாதிரி. அவை மரம் மூச்சுவிடுகிற துவாரங்களாம். கெட்ட ஊசியிலும் அதே வரிசை, அதே இடைவெளி. ஆனால் ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு கறுப்புக் குண்டு அடைத்திருந்தது. பார்க்க அருவருப்பாகவும் இருந்தது, வடிவாகவும் இருந்தது.

அந்தக் கறுப்பைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். பங்கசு, அதாவது பூஞ்சை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் படித்த சொல், இவ்வளவு காலம் கழித்து வளவுக்குள் வந்து நிற்கிறது. வசந்தத்தில் புதுத் தளிர் விடும்போது அது தொற்றும். தொற்றி ஒரு வருடம் கழித்துத்தான் ஊசி பழுத்துக் கொட்டும். நான் வாசித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இதற்கு ஈரம் வேண்டும். தண்ணீர் தெறித்துத் தெறித்துத்தான் கொப்புக்குக் கொப்பு பரவும். ஊசிகள் நெடுநேரம் காயாமல் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். எக்காரணம் கொண்டும் கொப்புகளை நனைக்காதீர்கள்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது வளவுக்குள் சர்ரென்று ஹோஸ் சத்தம் கேட்டது.

நான் எழும்பிப் போய்க் குழாயைப் பூட்டினேன். மனைவி தண்ணீர் நின்றுபோன ஹோஸைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"ஏனப்பா பூட்டினனீங்கள்? இன்னும் பாதி கிடக்கு."

"நீர்தான் உந்த மரத்துக்கு நோயைக் குடுத்திருக்கிறீர்."

"நானோ? நான் உதைக் குளிக்க வார்க்கிறன்."

"அதுதான் நோய்."

கண்ணாடியைக் கொடுத்து ஊசியைக் காட்டினேன். வாசித்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தாள். கவிழ்த்து வைத்த வாளியில் இருந்துகொண்டு, "பாவம் அந்த மனுசி" என்றாள். அவளுக்கு முதலில் தன் அடுப்பு ஞாபகம் வரவில்லை. அதற்காகவே அவளை எனக்கு அந்த நிமிடம் மிகவும் பிடித்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லப்போறன்" என்றாள் பிறகு.

"என்னத்தை?"

"உள்ளதை."

"ஏன் தேவையில்லாத வேலை? மழையிலையும் மரம் நனையுதுதானே."

"மழைக்கு அவவிட்டைப் போய்ச் சொல்ல வாய் இல்லை. எனக்கு இருக்கு."

வழக்கமாக யார் வீட்டுக்குப் போனாலும் பலகாரத்தோடு போகிறவள், அடுத்த நாள் வெறுங்கையோடு போனாள். பணியாரத்தோடு போனால் லஞ்சம் கொடுக்கிற மாதிரி இருக்குமாம். நானும் பின்னால் போனேன். மீன் பொரிப்பது, மணத்துக்குப் பயப்படுவது, மரத்தைக் கழுவுவது, எல்லாவற்றையும் அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னாள். வேப்பெண்ணெயையும் விடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் நினைத்தேன், அவர் போன பிறகு அவருடைய மரத்துக்கு நீங்கள் தண்ணீர் விடுகிறீர்கள் என்று. மகனிடமும் அப்படித்தான் சொன்னேன். நல்ல மனிதர்கள், அப்பாவின் மரத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று."

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீனா?"

"மீன்" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு வந்து வந்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்த கண்ணீர்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது.

"சரி. இந்த வருடம் வெட்டவில்லை. இரண்டு வசந்தம் தருகிறேன். புதுத் தளிர் நீலமாக வந்து நின்றால் மரம் நிற்கட்டும். இல்லாவிட்டால் வெட்டுவேன், நீங்கள் என்னைத் தடுக்கக் கூடாது" என்றார். சரி என்றோம்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காக வேலை செய்தேன். மழை இல்லாத, காய்ந்த நாளாகப் பார்த்து, செத்த அடிக் கொப்புகளை வெட்டினேன். ஒரு கொப்பில் இருந்த நோய் மற்றதற்குப் போகாமல் ஒவ்வொரு வெட்டுக்கும் மரம் அரிகிற வாளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். விழுந்த ஊசிகளை மனைவி வாரி வாரிப் பைகளில் கட்டினாள். கறிவேப்பிலைச் சாடியில் ஒரு ஊசி விழுந்திருந்தால்கூட பொறுக்கி எடுத்தாள். அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் புதுத் தளிர் பாதி நீளம் வந்ததும், கடையில் விற்க அனுமதியுள்ள ஒரு செப்பு மருந்தை, இந்த முறை மட்டையில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்து, அளந்து அடித்தேன். சில கிழமை கழித்து, தளிர் முழு நீளம் வந்த பிறகு, இன்னொரு தரம். மருந்து பழைய நோயை மாற்றாது. ஏற்கெனவே தொற்றிய ஊசிகள் கொட்டத்தான் செய்யும். புதிதாக வருவதைத்தான் காப்பாற்றலாம்.

ஆனால் ஒரு சிக்கல். ஸ்புரூஸ் மரத்தில் வெட்டிய கொப்பு திரும்ப வளராது. அடிக் கொப்புகள் போனதும் வேலியின் நடுவில் ஒரு வாசல் திறந்துவிட்டது. ஆள் குனியாமல் போய்வரலாம். எங்கள் அடுப்பு அந்தப் பக்கத்துக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மரத்தைக் காப்பாற்றப் போய் மறைப்பு போய்விட்டது.

மனைவி அடுப்பைப் பிளாஸ்ரிக் உறையால் மூடிவிட்டாள். "இனி வெளியிலை மீன் இல்லை. கழுவவும் ஏலாது, மறைக்கவும் ஏலாது. அந்த மனுசிக்கு நாங்கள் குடுத்த தொல்லை போதும்" என்றாள். அந்தக் கோடை எனக்கு வந்த சோதனையை நான் யாரிடம் சொல்ல? ஓவனில் வேகவைத்த ஏதோ ஒரு வெள்ளை மீன். மேலே எலுமிச்சைத் துண்டு. தொட்டால் உதிரும், தின்றால் ஒன்றும் இல்லை. மகள், "ஹெல்தி, அப்பா" என்பாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைவிட ஹெல்தி.

கோடை முடிகிற நேரம், ஒரு பின்னேரம், அந்த வாசலால் பக்கத்து வீட்டு அம்மா நேரே எங்கள் வளவுக்குள் வந்தார். முதல்முறை. முகம் சரியில்லை.

"வீட்டை விற்கப் போகிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லையே. யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. மணம் வரவில்லை."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மனைவி மெதுவாகக் கேட்டாள், "மணம் உங்களுக்கு வாறதோ? நான் கழுவினனான்தானே." அதை நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"கழுவினால் போகுமா? ஒருநாளும் போகவில்லை" என்றார் அவர். "உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த மணம் பிடிக்காது. அது தொடங்கினதும் என் குசினி ஜன்னலைச் சாத்துவேன். ஆனால் சாத்தும்போது, பக்கத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள், சமைக்கிறார்கள் என்று தெரியும். இந்தக் கோடை ஜன்னலைச் சாத்த வேண்டிய தேவையே வரவில்லை. இந்தத் தெருவில் எல்லாரும் விற்றுவிட்டுப் போகிறார்கள். நீங்களும் போகப் போகிறீர்கள் என்று நினைத்தேன்."

பார்க்டேலில் மூக்கைப் பொத்திய அந்தப் பெண்ணுக்காக இவள் எத்தனை வருடம் பயந்தாள். கடைசியில் ஒருவர் வந்து, உன் மணம் எனக்குப் பிடிக்காது, ஆனால் அது இல்லாமல் பயமாக இருக்கிறது என்கிறார். மனைவி போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மகன் குடும்பத்தோடு வருவாராம், அன்று மட்டும் வேண்டாம். மற்ற நாட்கள் சரி. கருவாடு என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். மனைவி பிளாஸ்ரிக் உறையை அன்றே கழற்றினாள்.

இந்த வருடம் இரண்டாவது வசந்தம். மருந்து இரண்டு தரமும் அடித்து முடிந்தது. ஜூனில் எங்கள் பக்கத்துக் கொப்புகளைப் பார்த்தால் உள்ளுக்குக் கரும்பச்சை, அது என் வேப்பெண்ணெயின் உபயம். அதற்கு வெளியே, போன வருடத் தளிரும் இந்த வருடத் தளிரும், வெளிர் நீலம். கண்ணாடியை இடுக்கிப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள்தான், வரிசையாக. கறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நான் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு தரம் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார், தளிரைத் தடவினார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

போன கிழமை சூடை மீன் நல்லதாகக் கிடைத்தது. மனைவி மரத்தடியில் சட்டியை வைத்தாள். பாதிப் பொரியலில் காற்று அந்தப் பக்கம் திரும்பியது. புகை நேரே மரத்துக்குள் போனது. அவ்வளவுதான், பழக்கதோசம், இவள் கை தன்பாட்டில் போய் ஹோஸை எடுத்துவிட்டது.

"நோ வோட்டர்."

நிமிர்ந்து பார்த்தோம். பக்கத்து வீட்டுக் குசினி ஜன்னல் திறந்திருந்தது. அவர் அதில் கையூன்றி நின்றார்.

"தண்ணீர் விடாதீர்கள். அந்த மரம் இன்னும் கனகாலம் நிற்க வேண்டியது" என்றார்.

மனைவி ஹோஸைக் கீழே போட்டாள். அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள். சட்டியில் மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. அதையும் சாப்பிட்டோம்.